கொறங்காட்டுப் படலைச் சாத்திட்டுப் போங்க

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காங்கேயம் பக்கத்து ஊதியூர் மலைப்பக்கம் எம்டிபி என்கிற மலைச்சைக்கிள் ஓட்ட வருகிற நண்பர்களுக்கு,

வணக்கமுங்க. உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரிந்திருக்கும். முன்சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங் உள்ள பழைய சிவப்பு ஹார்ட்டெயில் சைக்கிள், மேட்டில் எப்போதும் கடைசி ஆளாக உருட்டிக்கொண்டு வருகிறவன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, சொந்த ஊர் மலைக்குக் கிழக்கே. முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லாரும் ஓட்டுகிற அந்தப் பதினோரு கிலோமீட்டர் தடத்தைச் செயலியில் பதிவு பண்ணி ஊருக்கே தெரிகிற மாதிரி போட்டுவிட்டவன் நான்தான். மூன்று வருசம் ஆச்சு. அதில் நாலு கிலோமீட்டர் எங்கள் பெரியப்பாவின் மேய்ச்சல் காடு, அப்புறம் பங்காளிகள் காடு. எனக்கு அங்கே போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உங்களுக்கு உண்டு என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். மழை ஏமாற்றிய வருசம். பக்கத்துக் காட்டில் விதைத்த சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. ஞாயிறு காலை எட்டரை மணிக்கு பெரியம்மா போன் பண்ணினார். வேலி வாசலை அடைக்கிற படல் திறந்து கிடக்கிறது, நாலு செம்மறி சோளத்துக்குள் போய்விட்டது என்றார். பட்டணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆடு பயிரை மேய்ந்தால் பக்கத்துக் காட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அவ்வளவுதானே? இல்லைங்க. தண்ணீரில்லாமல் வாடின இளஞ்சோளத்தில் சயனைடு விசம் ஏறியிருக்கும். வயிறு நிறைய மேய்ந்தால் ஆடோ மாடோ ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இரண்டு ஆடு கால் உதைத்து அடங்கிவிட்டன, வாயோரம் நுரை. மற்ற இரண்டும் கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டதில் பிழைத்தன.

படலுக்கு வெளியே புழுதியில் மூன்று டயர் அச்சு, கட்டை கட்டையாக. அதில் ஒன்று என் டயருக்கும் பொருந்துகிற அச்சு. யார் என்று நான் தேடப் போகவில்லை. வேண்டுமென்று யாரும் செய்திருக்க மாட்டீர்கள். படலைத் தூக்கி நகர்த்தி, சைக்கிளை உள்ளே விட்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி தூக்கி வைக்கச் சோம்பல் பட்டிருப்பீர்கள், இல்லை பின்னால் வருகிறவன் சாத்துவான் என்று விட்டிருப்பீர்கள். பெரியம்மா உங்களைத் திட்டவில்லை. "அவங்களுக்கு என்ன கண்ணு தெரியும், நீதான சொல்லியிருக்கோணும்" என்றார். அதனால்தான் இந்த மடல்.

ரைடு முடிந்ததும் நீங்கள் எழுதிப் போடுகிற குறிப்புகளைப் படிக்கிறேன். ஆளில்லாத பொட்டல், தரிசு, வறண்ட புதர்க்காடு என்றெல்லாம் எழுதுகிறீர்கள். அது தரிசு இல்லைங்க. அது கொறங்காடு. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் சுற்றிலும் ஆடு மாடு மேய்ப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிற மேய்ச்சல் நிலம். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு, பட்டா உண்டு. உள்ளே இருப்பது கொழுக்கட்டைப் புல். சித்திரையில் பார்த்தால் வைக்கோல் மாதிரி செத்துக் கிடக்கும், ஒரு கோடை மழை பெய்தால் அஞ்சாறு நாளில் பச்சை கட்டிவிடும். இடையிடையே வெள்வேல மரம். அதன் காய் பங்குனி, சித்திரையில் உதிரும், புல் இல்லாத அந்த நாளில் செம்மறிக்கு அதுதான் சோறு. காட்டை இரண்டு மூன்றாகத் தடுத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறப்போடுவார்கள். நீங்கள் காலியாகக் கிடக்கிறது என்று நினைத்து நுழைகிற காடு பெரும்பாலும் ஆறப்போட்ட காடாகத்தான் இருக்கும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் காங்கேயம் காளை படம் போட்ட சட்டையை நானும்தான் போட்டுக்கொண்டு நின்றேன். அந்தக் காளை தின்று வளர்ந்த புல் இது என்பதை யாரும் அந்தச் சட்டையில் அச்சடிக்கவில்லை.

வேலிக்கு வருவோம். சுற்றிலும் இருக்கிற அந்த முள்வேலி கிளுவை. போத்து, அதாவது நடுகிற கிளை, வெட்டி நெருக்கி நட்டு, வருசா வருசம் கவாத்துப் பண்ணி, பாம்பு நுழையலாம் ஆட்டுக்குட்டி நுழையக்கூடாது என்கிற அளவுக்கு அடர்த்தியாக்க பல வருசம் ஆகும். எங்கள் காட்டு வடக்கு வேலி அப்பாரு, அதாவது தாத்தா, காலத்தது. அதில் மலையைப் பார்த்த மூலையில் ஒரு ஆள் சைக்கிளோடு நுழைகிற அளவுக்கு வெட்டி வழி பண்ணியிருக்கிறார்கள். படல் இருக்கிற வாசலான கடவு வரைக்கும் சுற்றிப் போனால் முந்நூறு மீட்டர் கூடுதல், அவ்வளவுதான். வெட்டின இடத்தில் முள்ளை இழுத்துப் போட்டு அடைத்தேன், அடுத்த வாரம் அதையும் ஒதுக்கிவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். இதை மட்டும் என்னால் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை, மன்னிச்சுக்குங்க.

இந்தப் பக்கம் ஏன் வருகிறீர்கள் என்பது புரியாமல் இல்லை. மேற்கே மருதமலை, தடாகம், ஆனைகட்டிப் பக்கம் யானை. விடிகாலையில் சத்தமில்லாமல் வேகமாக வருகிற சைக்கிளை யானையும் எதிர்பார்க்காது, வளைவு திரும்புகிற வரை யானை நிற்பது நமக்கும் தெரியாது. 2018-ல் குரங்கணியில் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன, காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. சரி, யானை இல்லாத, செக்போஸ்ட் இல்லாத கிழக்கே போவோம் என்று வருகிறீர்கள். ஆனால் ஊதியூர் மலையும் காப்புக்காடுதான். கோயிலுக்கு வருகிறவர்கள் போகிற வழி வேறு, காட்டுக்குள் புகுந்து தடம் போடுவது வேறு. 2023-ல் இந்தக் காட்டுக்குச் சிறுத்தை வந்து அக்கம்பக்கத்தில் ஆடுகளைப் பிடித்தபோது ஊரே ராத்திரியில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகமிருக்கும். அதற்குப் பிறகும் ஹெட்லைட் போட்டுக்கொண்டு ராத்திரி ரைடு வந்தவர்களைத் தைரியசாலிகள் என்று சொல்ல எனக்கு மனசில்லை.

அடிவாரத்தில் நேராக இறங்குகிற அந்தச் சரிவைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடித்த இடம், எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. முதல் வருசம் அது ஒரு கையகல ஆட்டுத்தடம். இப்போது முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி அரித்துக் கிடக்கிறது. தடம் வெட்டுகிறவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: மலைச்சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் தடத்தின் சரிவு இருக்கக்கூடாது. சரிவு இருபது சதவீதம் என்றால் தடம் பத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மழைத்தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடந்து போகாமல் தடத்தோடவே ஓடும். நாம் மேலிருந்து நேராக, பின்சக்கரத்தைப் பூட்டி, சரளையை வாரிக்கொண்டு இறங்கினோம். வேரோடு பெயர்ந்த புல்லுக்கு அடியில் மண் இளகியது. ஐப்பசி மழை மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. பள்ளம் ஆனதும் பக்கத்தில் இன்னொரு தடம், அதுவும் பள்ளம் ஆனதும் இன்னொன்று. இப்போது மூன்று வாய்க்கால் ஓடுகிறது. மழை பெய்த மறுநாள் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு வந்தால் அன்றைக்கு அந்த நிலம் நம்மைத் தாங்காது என்று அர்த்தம், வண்டியைத் திருப்பிவிட வேண்டியதுதான். நான் திருப்பவில்லை. ஒரு தடவை அந்தச் சேற்றில் விழுந்து மணிக்கட்டு பிசகியது, அது நியாயமான கூலி.

இன்னொன்று ஆள்காட்டிக் குருவி. தெரியுமல்லவா, நாம் கிட்டே போனதும் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துமே. அது பங்குனியிலிருந்து தரையிலேயே, நாலு கூழாங்கல்லுக்கு நடுவில், முட்டையிடும். முட்டையும் கூழாங்கல் மாதிரியேதான் இருக்கும், நின்று குனிந்து பார்த்தாலே கண்ணுக்குச் சிக்காது, இருபது கிலோமீட்டர் வேகத்தில் எங்கே தெரியப்போகிறது? கவுதாரியும் தரையில்தான். குருவி கத்தினால் அந்த இடத்தில் தடத்தை விட்டு விலகாமல் ஓட்டுங்கள், குறுக்கே புல்லுக்குள் இறங்காதீர்கள்.

அப்படியானால் எங்கேதான் ஓட்டுவது என்று கேட்பீர்கள். இட்டேரியில் ஓட்டுங்க.

கொங்கு நாட்டில் பிறந்த யாருக்கும் இட்டேரி என்றால் விளக்க வேண்டியதில்லை. பிறந்தும் பார்க்காதவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் வேலி, நடுவில் மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண்தடம், காட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் ஊரிலிருந்து ஊருக்குப் போவது. இரண்டு வண்டிச்சோடு, நடுவில் புல்மேடு. வேலியில் கிளுவை மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிக் கிடக்கும், கீரிப்பிள்ளை குறுக்கே ஓடும். நல்ல சிங்கிள்டிரெயிலுக்கு, அதாவது ஒற்றைச் சைக்கிள் போகிற குறுகின தடத்துக்கு, என்னவெல்லாம் வேண்டும் என்று நீங்கள் பேசுகிறீர்களோ அதில் பெரும்பகுதி இதில் இருக்கிறது: மணல், சரளை, வளைவு, பள்ளத்தில் இறங்கி ஏறுகிற ஓடை. முள்ளும் இருக்கிறது, டியூப்லெஸ் இல்லாமல் வராதீர்கள். பல இட்டேரிகள் வருவாய்த்துறைக் கணக்கில் வண்டிப்பாதை என்றே பதிவாகியிருப்பவை. கிராம வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும், பொதுவழி, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் வண்டி கட்டுகிறவர்கள் இல்லாமல் போனதால் இட்டேரிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கத்துக்காரர் வேலியை இரண்டடி தள்ளுவார், எதிர்ப்பக்கத்துக்காரர் மூன்றடி தள்ளுவார், நடுவில் சீமைக்கருவேல் முளைத்து மூடிவிடும். இல்லையென்றால் ஜேசிபி வந்து இரண்டு வேலியையும் பிடுங்கித் தார் போட்டுவிடும். இங்கிலாந்தில் குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டலாம் என்று 1968-லேயே சட்டம் வந்தது, நடக்கிறவர்களுக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்கிற நிபந்தனையோடு. அந்தப் பாதைகளில் சைக்கிள்காரர்களும் பழகிப் பழகித்தான் தடம் மூடாமல் கிடக்கிறது என்று நினைக்கிறேன். நம் இட்டேரியில் வாரத்துக்கு முப்பது சைக்கிள் போனால் அதை வேலி போட்டு அடைக்க யாருக்கும் அவ்வளவு சுலபமாகக் கை வராது. ஆடு எதிரே வந்தால் இறங்கி ஓரமாக நில்லுங்கள், பெல் அடிக்காதீர்கள், பெல் சத்தத்துக்கு மந்தை பிரிந்து ஓடும், அப்புறம் சேர்க்கிற பாடு மேய்க்கிறவருக்கு.

பழைய தடத்தைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டேன். நீங்கள் சேமித்து வைத்திருப்பதை என்னால் எடுக்க முடியாது, நீங்கள்தான் எடுக்கவேண்டும். புதுத் தடம் ஒன்று ஓட்டிப் பார்த்து வைத்திருக்கிறேன், பதினாலு கிலோமீட்டர், முக்கால்வாசி இட்டேரி, மிச்சம் ஊர்த் தார்ரோடு. இரண்டு இடத்தில் கருவேல் மூடிக் கிடக்கிறது. வருகிற ஞாயிறு ஆறு மணிக்கு அரிவாளும் கையுறையுமாக நாலு பேர் வந்தால் பத்து மணிக்குள் வெட்டிவிடலாம். வடக்கு வேலி மூலைக்கு நட கிளுவைப் போத்து வெட்டி வைத்திருக்கிறேன், அதற்கு ஒரு ஆள் போதும். பெரியம்மா மோர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். கடவு வழியாக வாங்க, படல் கயிறு இடது பக்கம் கல்லுக்காலில் சுற்றியிருக்கும், உள்ளே வந்ததும் அதே மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டிவிடுங்க.