கடன் அவள் பேரில், வட்டி என் பேரில்

அன்புள்ள மாரி,

ஐந்து மாதமாக உனக்குப் பதில் போடவில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். கிறைஸ்ட்சர்ச் குளிர் விட்டதா? சித்ராவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஆக்லாந்தில் நாங்கள் எல்லோரும் நலம். மெஸ் கணக்கு நோட்டு இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது என்று குமார் சத்தியம் செய்கிறான், அதை நீங்கள் இருவருமே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பையன் ஆதிக்கு ஃபீஸைக் கையிலிருந்து கட்டவா, ஸ்டூடண்ட் லோன் போடவா என்று ஜூனில் கேட்டிருந்தாய். அன்றைக்கே எழுதியிருந்தால் "லோன் போடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இன்றைக்கு அப்படி எழுத முடியவில்லை.

என் மகள் யாழினி 2022-ல் யுனிவர்சிட்டியில் சேர்ந்தபோது முதல் வருட ஃபீஸை அரசாங்கமே கட்டியது (2025-லிருந்து அதைக் கடைசி வருடத்துக்கு மாற்றினார்கள், ஆதிக்கு முதல் வருடம் கிடைக்காது). அடுத்த மூன்று வருடத்துக்கும் என்னிடம் பணம் தயாராக இருந்தது. அப்போதுதான் ஆபீஸில் ஒருவர் சொன்னார்: "2006 ஏப்ரலிலிருந்து நியூசிலாந்தில் இருக்கிறவரைக்கும் அந்தக் கடனுக்கு வட்டியே கிடையாது. முன்கூட்டிக் கட்டினால் கொடுத்துவந்த சலுகையையும் 2013-ல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் எதற்கு அவசரப்பட்டுக் கட்டுகிறாய்?" அவர் படித்த காலத்தில் வட்டி கட்டிக் கட்டியே நொந்தவர், அதனால் அவர் சொன்னது எனக்கு உறைத்தது.

ஃபீஸுக்கான லோன் பணம் நம் கைக்கு வராது, கடன் கொடுக்கும் அரசு அமைப்பான ஸ்டடிலிங்க் நேராக யுனிவர்சிட்டிக்கே அனுப்பிவிடும். அதனால் ஃபீஸுக்கென்று நான் வைத்திருந்த பணம் அப்படியே மிஞ்சியது. வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் டாலர் அவள் பேரில் கடன் ஏற ஏற, அதே தொகையை நான் டெர்ம் டெபாசிட்டில் போட்டேன். 2023-லும் 2024 தொடக்கத்திலும் 6 சதவீதம் வரைக்கும் கொடுத்தார்களே, உனக்கே தெரியும். என் சம்பளத்துக்கு வட்டியில் 33 சதவீதம் வரி பிடித்தார்கள். வருடா வருடம் லோன் போடுவதற்கு 60 டாலர் கட்டணம் வேறு. எல்லாம் போக மூன்று வருடத்தில் 1,600 டாலர் அளவுக்கு நின்றது. உட்கார்ந்த இடத்தில் வந்த பணம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன், மாரி.

போன மாதம் அவளுக்கு ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது. நல்ல வேலை, பிப்ரவரியில் சேர வேண்டும். இனிப்பெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு, ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால், கிளம்பிய மறுநாளிலிருந்தே கணக்குப் போட்டு வட்டி விதிப்பார்கள். இங்கே வேலை பார்த்தால் ஒரு வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் டாலருக்கு 12 சென்ட் தானாகப் பிடித்துக்கொள்வார்கள், ஒன்றும் வலிக்காது. வெளியே போய்விட்டால் சம்பளத்தைப் பார்க்க மாட்டார்கள், பாக்கி எவ்வளவோ அதற்கேற்ப வருடத்துக்கு இவ்வளவு என்று அவளே அனுப்ப வேண்டும். கட்டாமல் இழுத்தடித்தவர்களை விமான நிலையத்திலேயே கைது செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் படித்துக் காட்டிவிட்டு, "பரவாயில்லப்பா, அந்த டெபாசிட்டை எடுத்து மொத்தமா அடைச்சிடலாம்" என்றாள்.

எனக்கு வாய் வரவில்லை.

27,000 இருக்க வேண்டிய இடத்தில் 16,000-தான் இருக்கிறது. அண்ணனுடைய ஆபரேஷனுக்கு எடுத்தேன், அது தவறு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் கூரை ஒழுகியதற்கும் அதிலிருந்துதான் எடுத்தேன், பிறகு கார் டயருக்கும். மாதா மாதம் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வட்டியில்லாத கடன் யாரையும் தொந்தரவு செய்வதில்லை, மாரி, அதுதான் அதில் ஆபத்து. ஒரு கடிதமாவது வந்திருந்தால் எனக்குப் பயம் வந்திருக்கும்.

உண்மையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கடன் என் பேர்ல, வட்டி உங்க பேர்ல, அப்படித்தானேப்பா?" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அவள் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது: டெபாசிட்டை அவள் பேரில் போட்டிருந்தால் வரி 10.5 சதவீதம்தான். நான் எடுத்துச் செலவு செய்திருக்கவும் முடியாது. மூன்று வருடம் கணக்குப் போட்ட எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

இருக்கிற 16,000-ஐ இந்த வாரமே கட்டிவிட்டேன். மீதி 11,000-க்கு அவள் கிளம்புவதற்குள் வழி பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் கூடுதல் வேலை ஒத்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் கேட்கவில்லை, நீ உடனே பையைத் திறக்காதே.

ஆதி விஷயத்தில் நீ லோன் போடலாம், கணக்கு பொய் இல்லை. ஆனால் ஃபீஸ் பணத்தை அவன் பேரில் போடு, பாஸ்வேர்டு அவனிடமே இருக்கட்டும். புத்தகம், கருவி வாங்க வருடத்துக்கு 1,000 டாலர் வரை கடன் தருவார்களே, அதையும் வாங்கி டெபாசிட்டில் போடு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். படிப்புச் செலவுக்கு என்று எழுதி வாங்கும் பணம், அதற்குத்தான் போக வேண்டும். படித்து முடித்ததும் ஆஸ்திரேலியா போகிற எண்ணம் இருக்கிறதா என்று அவனிடம் இப்போதே கேள். இருக்கிறது என்றால் கையில் இருப்பதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இரு.

ஞாயிறு ராத்திரி கூப்பிடு. ஆதியையும் பக்கத்தில் உட்கார வை, நான் பேச வேண்டியது அவனிடம்தான்.

உன்
சேகர்