பையனைத் திருப்பி அனுப்பும்போது

துறவற சபைகளின் மாகாணத் தலைவர்களுக்கும் உருவாக்கப் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கும், தருமபுரி மறைமாவட்டத்துப் பங்கு (ஊர்க் கோயில் சமூகம்) ஒன்றிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தந்தையர்களே,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பிளஸ் டூ பரீட்சை முடிகிற சமயம் பார்த்து துறவு வாழ்வுக்குப் பையன்களை அழைத்துப் போக உங்கள் இறையழைத்தல் பொறுப்பாளர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வருவார்கள். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மறைமாவட்டம் ஆவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது நடக்கிறது. கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் சாமியாரோ சிஸ்டரோ இல்லாத சொந்தபந்தம் கிடையாது. உங்களுக்கும் வசதி, கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் பெங்களூருப் பக்கத்துப் பயிற்சி இல்லங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். அழைத்துப் போவதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நான் எழுத வந்தது பாதியில் திரும்பி வருகிறவர்களைப் பற்றி.

என் அக்கா மகன் ஒரு சபையில் சேர்ந்தான். எந்தச் சபை என்பது இங்கே வேண்டாம், இந்தக் கதை பல சபைகளுக்குப் பொருந்தும். சேரும்போது ஞானஸ்நானச் சான்றிதழ், உறுதிபூசுதல் சான்றிதழ், பங்குசாமியின் கடிதம், டாக்டர் சர்டிபிகேட், மார்க் ஷீட் எல்லாம் கேட்டார்கள், கொடுத்தோம். முதல் வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது துறவற வாக்குறுதி எடுக்கும் சடங்குக்கு, ஊரிலிருந்து வேன் பிடித்துப் போனோம். அங்கியோடு நின்ற அவன் படம் பெரிதாகி அக்கா வீட்டுச் சுவரில் ஏறியது. மெய்யியல் முடித்தான். ரீஜென்சியில், அதாவது படிப்புக்கு நடுவே வரும் பணிப் பயிற்சியில், ஒரு போர்டிங்கில் பையன்களைப் பார்த்துக்கொண்டான். இறையியல் தொடங்கிய பிறகு ஒரு நாள், பேச்சு வார்த்தை முடிந்து, ஒரு பெட்டியும் பஸ் செலவுக்குப் பணமுமாக வீடு வந்து சேர்ந்தான். அவனாக விலகினானா, அவர்கள் போகச் சொன்னார்களா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. என் கவலை அதுவும் இல்லை. சேரும்போது அத்தனை காகிதம் கேட்டவர்கள், போகும்போது ஒரு காகிதம் தரவில்லை. அக்காவுக்கும் மாமாவுக்கும் சபையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

பேங்க் பரீட்சைக்கு விண்ணப்பம் போட நானும் அவனும் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தோம். பட்டம், பல்கலைக்கழகம், தேர்ச்சி பெற்ற ஆண்டு என்று கேட்டது. அவன் பையிலிருந்து எடுத்தது இலத்தீனில் அச்சடித்த ஒரு சான்றிதழ். அரிஸ்டாட்டிலையும் அக்குவினாசையும் படித்ததற்கு உரோமை அங்கீகாரம் உண்டு, அந்த விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை. சென்டர்காரப் பையன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணா, டிகிரி சர்டிபிகேட் இல்லையா?” என்றான். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது பகலில் தொலைநிலையில் பி.ஏ. படிக்கிறான், இரவில் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட். அவனோடு பிளஸ் டூ முடித்தவர்கள் அதே சிப்காட்டில் சூப்பர்வைசர்களாகிவிட்டார்கள்.

மெய்யியலோடு சேர்த்து, அல்லது அதற்கு முன்பாக, முறையான ஒரு பல்கலைக்கழகப் பட்டத்தைப் படிக்க வைக்கும் சபைகளும் உண்டு. அவர்களுக்கு நன்றி. மற்றவர்கள் ஏன் செய்யக் கூடாது? ‘டிகிரி கையில் இருந்தால் பையன் போய்விடுவான்’ என்று ஒரு தந்தையே என்னிடம் சொல்லியிருக்கிறார். வேறு போக்கு இல்லாததால் மட்டும் தங்குகிறவன் நாளைக்கு எப்படிப்பட்ட சாமியார் ஆவான், அவனை எந்தப் பங்கு தாங்கும் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். விருந்து வீடு, விட்டுவிட்டேன்.

விலகுவது துரோகம் இல்லை என்று சொல்வது உங்கள் சட்டமேதான். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் புரட்டினால், பயிற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் வெளியே போக ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். நவதுறவி, அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்திய பயிற்சியில் இருப்பவர், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் (சட்டம் 653). தற்காலிக வார்த்தைப்பாடு 3 ஆண்டுக்குக் குறையாமல் 6 ஆண்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் (655); அந்தக் காலம் முடிந்ததும் போக விரும்புகிறவர் போகலாம் (688). இந்த நீண்ட காலமே இரு தரப்பும் யோசித்துப் பார்க்கத்தான். அப்படியிருக்க, யோசித்து ‘இல்லை’ என்று முடிவு செய்தவனைத் தோற்றவனாக நடத்துவது என்ன நியாயம்?

702-ஆம் சட்டத்தையும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சபையில் செய்த வேலைக்காக, விலகியவர் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது அதன் முதல் பத்தி. இதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இரண்டாம் பத்தி, விலகியவரிடம் சபை நியாயத்தோடும் நற்செய்தி காட்டும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. “இத்தனை வருஷம் சோறு போட்டுப் படிக்க வைத்தோமே” என்பீர்கள். உண்மைதான். என் அக்கா மகன் நன்றாக ஆங்கிலம் பேசுவான், கன்னடம் பேசுவான், மேடையில் நடுங்க மாட்டான், எல்லாம் நீங்கள் தந்தது. (எங்கள் பக்கத்துப் பாடகர் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவர்களில் பாதிப்பேர் பயிற்சியிலிருந்து விலகிய முன்னாள் பிரதர்கள்தான்.) ஆனால் காய்ச்சலில் கிடந்த போர்டிங் பையனோடு ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். அதற்குச் சம்பளம் கேட்கவில்லை. வெளியே வந்தவன் வாடகைக்கு ஒரு ரூம் பிடித்து, நாலு நல்ல சட்டை வாங்கி, ஒரு வேலை கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க ஏதாவது கொடுங்கள் என்கிறேன். எத்தனை வருடம் இருந்தான், என்ன படித்தான், என்னென்ன பொறுப்பு பார்த்தான் என்று சபையின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுங்கள். இன்டர்வியூவில் ‘இத்தனை வருஷம் என்ன செய்தாய்’ என்று கேட்டால் காட்ட அவனுக்கு ஏதாவது வேண்டும்.

முக்கியமாக, ஒருவர் நேரில் வாருங்கள். அழைக்க வரும்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து களி சாப்பிட்டீர்கள். திருப்பி அனுப்பும்போதும் வந்து, “அம்மா, உங்க பையன் தப்பு எதுவும் பண்ணல, இந்த வாழ்க்கை அவனுக்கு ஒத்துவரல, அவ்வளவுதான்” என்று தாயிடம் சொல்லுங்கள். சபைத் தலைவர் வாயால் அது வந்தால், அந்தத் தெருவில் அதற்குப் பிறகு பேச்சு இருக்காது. அக்கா கொஞ்சநாள் “லீவுல வந்திருக்கான்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சமாளித்தாள். ஊர்த் திருவிழாவில் கொடியேற்றத்துக்கு வந்தவர்கள் எல்லாம் “பிரதர், எப்ப திரும்பப் போறீங்க?” என்று கேட்க, மறுநாளிலிருந்து அவன் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். இப்போது வருகிறான், கடைசி பெஞ்சில்.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. மறைக்கவில்லை. சாமியார் ஆகிவிடுவான் என்று பிளக்ஸ் வைத்தது நாங்கள்தான். விலகி வந்தவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பவர்களும் நாங்கள்தான். ‘என்ன பண்ணித் துரத்தினாங்களோ’ என்பது எங்கள் ஊர் வாய். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில் இதைப் பேச வேண்டியது எங்கள் வேலை, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் நீங்கள் மௌனமாக இருக்கிறவரை ஊர் தன் இஷ்டத்துக்குத்தான் கதை கட்டும்.

அடுத்த இறையழைத்தல் முகாமுக்கு எங்கள் பங்குக்கு வரும்போது பையன்களோடு பேசிவிட்டுப் போய்விடாதீர்கள். பெற்றோர்களை உட்கார வையுங்கள். உங்கள் சபையில் எந்தப் பல்கலைக்கழகப் பட்டம் எந்த ஆண்டில் கிடைக்கும், பாதியில் விலகினால் என்ன உதவி செய்வீர்கள், யார் வீட்டுக்கு வந்து பேசுவார் என்று எழுத்தில் கொண்டுவந்து வாசித்துக் காட்டுங்கள். கொண்டுவராவிட்டால் நாங்களே எழுந்து கேட்போம். பையனை அனுப்புவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு அவரவர் வீட்டில் முடிவு செய்துகொள்வார்கள்.

கிறிஸ்துவில்,
ஒரு தாய்மாமன்
கிருஷ்ணகிரி மாவட்டம்