பொன்னாடை இருக்கிறது, சன்மானம் எங்கே?

ஆசிரியர் அவர்கட்கு,

கூத்தும் நாட்டார் பாட்டும் அழிகின்றன என்ற கவலை உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. கவலைப்படுகிறவர்கள் ஆண்டுக்கொரு விழா வைக்கிறார்கள். பிரதம அதிதி வருமட்டும், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சதங்கைக்காரரோடு வெயிலில் நிற்பார். பேச்செல்லாம் முடிந்தபின் அவருக்குப் பத்து நிமிஷமும் ஒரு பொன்னாடையும். எனக்குத் தெரிந்த அண்ணாவியார் ஒருவர் வீட்டில் அலுமாரி நிறையப் பொன்னாடை. மத்தளத்துக்குத் தோல் மாற்றத்தான் காசில்லை.

கிழக்கிலங்கையின் தம்பிலுவிலில் நாங்கள் சிலர் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை இரவுகளில் வாசிகசாலை விறாந்தையில் பாட்டுக்கூட்டம் நடத்துகிறோம். இங்கிலாந்தில் 1950களின் கடைசியிலிருந்து பரவிய நாட்டுப்பாடல் கழகங்களின் ஒழுங்கு இது. அங்கிருக்கும் என் மகள் சொல்லக் கேட்டு எங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டோம். முதலில் உள்ளூர்க்காரர் ஆளுக்கு ஒன்றிரண்டு பாட்டு, பிறகு காசு கொடுத்து அழைத்த பாடகர். அங்கே பெரும்பாலும் மதுச்சாலைகளில்தான் கூடுவார்களாம். இங்கே போயாவில் சாராயக்கடை பூட்டு. எங்களுக்கு அது பெரிய உதவி!

வாசலில் ஒரு பால்மா டின். கேட்க வருகிறவர் 200 ரூபா போடவேண்டும், பாடுகிறவருக்குச் சும்மா. அழைத்த கலைஞருக்கு 5,000 ரூபாவும் பஸ் காசும். டின்னில் விழுந்தாலும் விழாவிட்டாலும் அது கொடுத்தாக வேண்டும். குறைந்தால் நடத்துகிறவர்கள் பங்கு போட்டுக்கொள்வோம். பெரும்போக வெட்டுக்காலத்தில் ஆள் வராது, கையைக் கடிக்கும்.

எக்கோ வைத்த மைக் கிடையாது, ட்ராக் கிடையாது, போட்டியும் புள்ளியும் கிடையாது. கண்ணகை அம்மனின் கோபம் தணிக்கப் பாடும் குளிர்த்திப் பாட்டை இங்கே எடுப்பதில்லை. அது வைகாசியில் கோயிலுக்குரியது. மற்றபடி கோலாட்டம் போன்ற வசந்தன் ஆட்டப்பாட்டு, கும்மி, தாலாட்டு எல்லாம் வரும். அக்கரைப்பற்று முஸ்லிம் காக்கா (அண்ணன்) ஒருவர் வந்து நாட்டார் கவி சொன்னார். போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசைக்கு ஒரு வயலின்காரரைத்தான் இன்னும் பிடிக்க முடியவில்லை.

ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், தன் அம்மம்மா பாடிய பொலிப்பாட்டைப் போனில் எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாம் அடியில் போன் திரை அணைந்தது, பாட்டும் நின்றது. அன்று அழைத்திருந்த அண்ணாவியார் மத்தளத்தை விடவில்லை. தாளத்தை இறக்கி, மெல்லத் தட்டிக்கொண்டே அடியை எடுத்துக் கொடுத்தார். சுவரோரம் இருந்த வயசாளிகள் "பொலி, பொலி" என்று பக்கப்பாட்டுப் பிடித்தார்கள். மாடு விட்டு நெற்கதிர்ச் சூடு மிதித்த காலத்துப் பாட்டு. மெஷின் வெட்டு வந்தபின் வயலில் அதற்கு வேலை இல்லை. அடுத்த போயாவுக்குத் தம்பி போன் இல்லாமல் பாடினார், கொஞ்சம் வேகமாக.

பெரிய கலைஞரையும் கற்றுக்குட்டியையும் ஒரே பாயில் இருத்துவது மரியாதையா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கூத்துக் களரியில் வேறென்ன நடந்தது? அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, பகலில் வேளாண்மை செய்தவரும் மேசனும் இராவில் ராசாவாகி ஆடினார்கள். தொழில்காரரும் ஆசைக்கு ஆடுகிறவரும் ஒன்றாக நின்றதுதான் களரி. மரியாதைக் குறைவு எங்கே என்றால், தொழில்காரரை வெறுங்கையோடு அனுப்புவதில்.

மழைக்கு விறாந்தை போதாது. பக்கத்தில் பொதுமண்டபம் ஒன்று உண்டு, பின்னேரம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். விடுமுறை நாளில் திறக்க விதி இல்லையாம். அரச காசில் கட்டிய கலாசார மண்டபங்களை மாதத்தில் ஒரு போயா இரவுக்காவது இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வாடகையின்றித் தரலாம். உங்கள் பத்திரிகையும் போயாவுக்கு முந்திய ஞாயிறில் எந்த ஊரில் யார் பாடுகிறார் என்று இரண்டு வரி போட்டால், தூரத்து ஆட்களும் வருவார்கள்.

செங்கலடி, வாழைச்சேனைப் பக்கம் யாராவது தொடங்குவதென்றால் முதல் இரவுக்கு எங்கள் மத்தளக்காரரை அனுப்புகிறோம். சன்மானமும் பஸ் காசும் உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
தம்பிலுவில்.