கோவில்பட்டிக்கு இரண்டு எண் வருகிறதே, அம்மாடி

அன்பு மகளுக்கு,

நீ எழுதி அனுப்பிய குட்டி புரோகிராம் லைப்ரரியை நேற்று ராத்திரி முழுசாகப் படித்துவிட்டேன். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் 0 முதல் 11 வரை ஒரு எண், அதே சொல்லுக்கு என்றைக்கும் அதே எண். பைத்தான் மொழியோடு வரும் ஹாஷை, அதாவது சொல்லை ஒரு பெரிய எண்ணாக மாற்றும் கணக்கை, எடுத்துக்கொள்ளாமல் நீயே எஃப்என்வி-1ஏ என்ற எளிய ஹாஷை எழுதியிருப்பதைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் 3.3 பதிப்பிலிருந்து பைத்தான் ஒவ்வொரு முறை புரோகிராமை ஓட்டும்போதும் அதே சொல்லுக்கு வேறு ஹாஷ் தருகிறது, இன்று சேமித்து வைத்த எண் நாளைக்கு உதவாது.

ஹாஷ் எண்ணை 12ஆல் வகுத்து மீதி எடுத்தால் 12 பெட்டிக்கும் சமமாகப் பிரியாதே என்று கமென்ட்டில் கவலைப்பட்டிருக்கிறாய். ஹாஷ் ஒரே ஒரு பைட் என்றால் சரி, அதன் 256 மதிப்பை 12 பெட்டியில் போட்டால் முதல் நான்கு பெட்டிக்கு 22, மற்றதற்கு 21. உன்னுடையது 32 பிட், 429 கோடிக்கும் மேல் மதிப்பு, அதில் முதல் நான்கு பெட்டிக்கு ஒன்றே ஒன்று கூடுதல். அதை விடு.

என் கவலை வேறு. "கோவில்பட்டி" என்று தட்டினேன், 7 வந்தது. பழைய கோப்பு ஒன்றிலிருந்து அதே ஊர்ப் பெயரை எடுத்து ஒட்டினேன், 3 வந்தது! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே பார்த்தால் ஒன்றில் ஓகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்கிறது, இன்னொன்றில் ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக. ஒன்று 33 பைட், மற்றது 36. ஹாஷுக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். உள்ளே வரும் சொல்லை முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றிவிட்டு அப்புறம் ஹாஷ் செய். இன்னும் யாரும் பயன்படுத்தவில்லை என்றாய், அதனால் இப்போதே செய்துவிடு, எண்களைச் சேமிக்கத் தொடங்கிவிட்டால் கை வைக்க முடியாது.

ஜாவா மொழியில் நான் பட்டது இன்னும் மறக்கவில்லை. ஹாஷ் மைனஸில் வந்தால், மைனஸை நீக்கும் ஆப்ஸ் போட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். -2147483648க்கு ஆப்ஸ் போட்டாலும் அதே மைனஸ்தான் வரும், 12ஆல் வகுத்தால் மீதி -8, அப்படி ஒரு பெட்டியே கிடையாது. எட்டு மாதம் ஒழுங்காக ஓடிய புரோகிராம் ஒரு நடுராத்திரி அந்த ஒரே ஒரு சொல்லில் நின்றுபோனது.

12 பெட்டியை 13 ஆக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் முன்பே சொல். மீதி எடுக்கும் முறையில் 13 சொல்லில் 12 சொல் பெட்டி மாறிவிடும். கூகுளின் ஜான் லேம்பிங்கும் எரிக் வீச்சும் 2014இல் எழுதிய ஜம்ப் ஹாஷ் என்ற முறையில் பதின்மூன்றில் ஒன்றுதான் நகரும், அதுவும் சில வரிதான்.

இரண்டு கோவில்பட்டியையும் டெஸ்ட்டில் சேர்த்து அனுப்பு, ஞாயிறு காலை உட்கார்ந்து பார்க்கிறேன்.

அப்பா