கேள்விப்படிவத்தில் தொடங்கும் கோளாறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலோ கல்வி உளவியலில் முதுகலைப் படிப்பை மேற்கொண்டு, தமிழ்ப்பள்ளியில் ஆய்வு செய்ய எண்ணும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறோம். ஆங்கிலக் கேள்விப்படிவத்தை அவசரமாக மொழிபெயர்த்து நான்காம் ஆண்டுப் பிள்ளையிடம் நீட்டாதீர்கள்.

‘எனக்குப் பள்ளிக்கு வரப் பிடிக்காமல் இல்லை’ என்ற வரிக்கு ஒரு பிள்ளை ‘ஆம்’ என வட்டமிட்டால் என்ன புரிந்துகொள்வது? ‘பிடிக்கலையா?’ என்று கேட்டால் ‘ஆமா, பிடிக்கல’ என்றும் சொல்வோம், ‘இல்ல, பிடிக்கல’ என்றும் சொல்வோம். இப்படிப்பட்ட எதிர்மறை வரிகள் நாலைந்து சேர்ந்தாலே கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மை எண்ணான கிரோன்பாக் ஆல்ஃபா, பொதுவாக ஏற்கப்படும் 0.7க்குக் கீழே இறங்கிவிடலாம். பிள்ளைகள் கவனமில்லாமல் பதில் சொன்னார்கள் என்று எழுதுவதற்கு முன் அந்த வரிகளை எடுத்துப் பாருங்கள்.

வாசிப்புச் சோதனையில் சிக்கல் இன்னும் பெரிது. ‘படம்’ என்ற சொல்லில் முதல் எழுத்தை நீக்கச் சொன்னால் ‘டம்’ என்று உடனே பதில் வரும். ஆங்கிலச் சோதனையைப் பின்பற்றி ‘ப்’ ஒலியை மட்டும் நீக்கச் சொல்லிப் பாருங்கள். ‘அடம்’ என்று சொல்ல நன்றாக வாசிக்கிற பிள்ளையே தடுமாறும். உயிரும் மெய்யும் சேர்ந்த ‘ப’ அதற்கு ஒரே எழுத்து. அந்தத் தடுமாற்றத்துக்கு வாசிப்புக் குறைபாடு என்று பெயர் சூட்டுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ‘வருகிறார்கள்’ என்று அச்சிட்டிருப்பதை ‘வர்றாங்க’ என்று வாசித்தாலும் பிழைக் கணக்கில் சேர்க்காமல் தனியே குறித்து வையுங்கள். பிள்ளை பொருள் புரிந்துதான் அப்படி வாசிக்கிறது. ‘கொடி’யை ‘கெடி’ என்பதும், குறில் நெடில் மாறுவதும், ஒற்று விடுபடுவதும்தான் கணக்கில் வர வேண்டியவை.

மொழிபெயர்ப்பை இருவர் தனித்தனியே செய்யட்டும். மூல ஆங்கிலப் படிவத்தைப் பார்க்காத மூன்றாமவர், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கிய தமிழ்ப் படிவத்தைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றட்டும். மூல ஆங்கிலமும் திரும்பி வந்த ஆங்கிலமும் எங்கே விலகுகின்றனவோ அந்த வரியைப் புதிதாக எழுதுங்கள். பிறகு ஏழெட்டுப் பிள்ளைகளைத் தனித்தனியே உட்கார வைத்து, ‘இந்த வரி என்ன சொல்லுது?’ என்று கேளுங்கள். பதில் தெரிவுகளில் ‘எப்போதாவது’, ‘சில சமயம்’ இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். ஐந்து தெரிவுகளை மூன்றாகக் குறைத்துவிடுங்கள். அதன் பின்னரே முன்னோட்டச் சோதனை.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், ஈராஸ் (eRAS) என்ற இணைய விண்ணப்ப முறை வழியாகக் கல்வியமைச்சின் அனுமதி, பிறகு மாநிலக் கல்வி இலாகா, தலைமையாசிரியர், பெற்றோரின் எழுத்துச் சம்மதம் எனப் பல படிகள் உண்டு. அமைச்சுக்கு அனுப்பிய பின் கேள்விகளை மாற்றினால் மீண்டும் விளக்கம் கொடுக்க நேரிடும். ஆகவே படிவத்தைச் செப்பனிட்ட பிறகே விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று: இந்தக் கல்வி உளவியல் பட்டம் மட்டும் இருந்தால் உளவள ஆலோசகர் என்று பலகை மாட்ட முடியாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி ஆலோசகர் வாரியத்தில் பதிவும் தொழில் சான்றிதழும் வேண்டும். அந்த எண்ணத்தோடு சேர்பவர்கள் எந்தப் பாடத்திட்டத்தை வாரியம் ஏற்கிறது என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கல்வி உளவியல் துறையினர் சிலர்,
பினாங்கு