எர்பில் கிளம்புற தம்பிக்கு

அன்பு தம்பி,

நேத்து நீ போன் பண்ணி "அண்ணே விசா வந்துருச்சு, டீமா ஈராக்ல எர்பில் போறோம், ஜெபத்துல நினைச்சுக்கோங்க"ன்னு சொன்னப்ப எனக்கு சந்தோஷத்துல பேச்சே வரல, ஸ்தோத்திரம்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டேன். ராத்திரி தூக்கம் இல்ல. சொல்ல வேண்டியது ஒண்ணு ரொம்ப வருஷமா நெஞ்சுல கிடக்கு, போன்ல சொல்ல வராது. உன்னை மாதிரி கிளம்புற வாலிபப் பிள்ளைங்க இன்னும் எத்தனையோ பேர் இருக்காங்க, அதனால பொதுவுலயே எழுதுறேன்.

நாங்க போனது 2016 பிப்ரவரில. ஏழு பேர், அதுல ஒரு டாக்டர், ரெண்டு நர்ஸ் அக்காங்க. துபாய் வழியா எர்பில் இறங்கி, பக்கத்துலயே அங்காவா, அது கிறிஸ்தவங்க இருக்குற ஏரியா. ஈராக்னா வெயில்னு நினைச்சு போனேன், அங்க மழையும் குளிரும், ஊரை விட்டு ஓடி வந்தவங்களோட கேம்ப் முழுக்க சேறு. ஜனங்க இருந்தது கேரவன்ல. நம்ம ஊர்ல ஷூட்டிங்ல நிக்குற கேரவன் இல்லப்பா, தகரப் பெட்டி மாதிரி ஒரு ரூம், அதுல ஆறு பேர் ஏழு பேர், நடுவுல ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர். அதுக்கு முன்னாடி சர்ச் தோட்டத்துல டென்ட், கட்டி முடிக்காத கட்டடம்னு இருந்துட்டு வந்தவங்க.

அவங்க கதை உனக்கு கொஞ்சம் தெரியும். 2014 ஜூன் 10 மொசூல் நகரம் ஐஎஸ் தீவிரவாதிங்க கைக்குப் போச்சு. ஜூலைல கிறிஸ்தவங்களுக்கு கெடு வெச்சாங்க, மதம் மாறு, இல்ல முஸ்லிம் இல்லாதவங்க மேல போடுற ஜிஸ்யா வரி கட்டு, இல்ல ஊரை விட்டுப் போ, இல்லன்னா வாள். வீட்டுச் சுவத்துல 'நூன்'ங்கிற அரபி எழுத்தை எழுதி வெச்சாங்க, நஸ்ரானிங்கிறதுக்கு முதல் எழுத்து அது, நசரேயனோட ஆளுங்கன்னு அர்த்தம். மொசூலுக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர்ல காராகோஷ்னு ஒரு ஊர், அங்க இருக்குறவங்க பக்தீதான்னு சொல்லுவாங்க, கிட்டத்தட்ட 50,000 பேர் இருந்த கிறிஸ்தவ ஊர். ஆகஸ்ட் 6 காலைல ஒரு ஷெல் விழுந்து ரெண்டு சின்னப் பசங்களும் ஒரு பொண்ணும் செத்தாங்க, அன்னிக்கு ராத்திரி காவலுக்கு இருந்த குர்து படை பின்வாங்கிடுச்சு, விடியறதுக்குள்ள ஊரே காலி. போட்ட துணியோட கார்ல, டிராக்டர்ல, நடந்துன்னு எர்பில் ரோட்டுல. இதுக்கு மூணு நாள் முன்னாடி சிஞ்சார்ல யஸீதின்னு தனி மதத்துச் சிறுபான்மை ஜனங்களுக்கு நடந்தது இன்னும் கொடுமை, அவங்க கேம்ப்புக்கும் உன்னைக் கூட்டிட்டுப் போனா கண்டிப்பா போ, விசுவாசிங்களை மட்டும்தான் பார்ப்பேன்னு சொல்லிடாதே.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

மூணாவது நாள் மெடிக்கல் கேம்ப் முடிஞ்சு ஒரு கேரவன்ல டீ கொடுத்தாங்க, சின்ன கண்ணாடி கிளாஸ்ல, சர்க்கரை பாதி கிளாஸுக்கு. அந்த வீட்டுப் பெரியவர் ஊர்ல எலக்ட்ரிக் சாமான் கடை வெச்சிருந்தவர். எங்க டீம்ல ஒரு அண்ணன், நல்ல ஊழியக்காரர், உண்மையான பாரத்தோடதான் கேட்டார், "ஐயா நீங்க ரட்சிக்கப்பட்டிருக்கீங்களா?" ட்ரான்ஸ்லேட்டர் தம்பி மொசூல் யுனிவர்சிட்டில படிப்பு பாதில நின்னவன், அதை எப்படி சொல்றதுன்னு தெரியாம எங்களையே பார்த்தான், அப்புறம் என்னமோ சொன்னான். பெரியவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார், "ஒரு வரி சொல்லியிருந்தா என் வீடும் கடையும் எனக்கு இருந்திருக்கும். நான் சொல்லல." அவ்வளவுதான், அடுத்த டீ ஊத்தினார்.

தம்பி, நாம பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளைங்க. மெழுகுவர்த்தி, தூபம், சிலுவை போட்டுக்கிறதுன்னு பார்த்தா நமக்கு மனசு உடனே கணக்கு போட ஆரம்பிச்சுடும், இவங்களுக்கு வசனம் தெரியுமான்னு. அவங்க சிரியன் கத்தோலிக்க, கல்தேய சபை, வீட்ல பேசுறது சுரெத், அது இயேசு பேசின அரமாயிக்கு சொந்தக்கார பாஷை. நம்ம சபைக்கு வயசு நாப்பதோ அம்பதோ, அவங்க சபைக்கு ஆயிரத்தைநூறு வருஷத்துக்கு மேல. 2003க்கு முன்னாடி ஈராக்ல 12 லட்சத்துக்கும் மேல கிறிஸ்தவங்க இருந்தாங்கன்னு கணக்கு, இப்ப 3 லட்சம் கூட இல்ல. மிச்சம் இருக்குறவங்க வீட்டுல போய் நாம பரீட்சை வைக்கக் கூடாது. யோபுவோட சிநேகிதருங்க ஏழு நாள் பேசாம தரைல உக்காந்தாங்களே, அது வரைக்கும் நல்லாத்தான் செஞ்சாங்க. நீயும் உக்காரு. டீயை வேண்டாம்னு சொல்லாதே. "ஷ்லாமா"ன்னு சொல்லிப் பாரு, சமாதானம்னு அர்த்தம், அவங்க முகம் மாறுறதை பார்ப்ப.

அடுத்தது என் பாவம். எழுதவே கை நடுங்குது.

திரும்பி வந்த ஞாயித்துக்கிழமை சபைல சாட்சி சொல்ல சொன்னாங்க. ஸ்கிரீன்ல ஒரு அம்மாவோட போட்டோ போட்டேன், மடில குழந்தை, கண்ணு கலங்கியிருக்கும். பேர் சொன்னேன், ஊர் சொன்னேன். ஜனங்க அழுதாங்க, காணிக்கையும் நல்லா வந்துச்சு, அன்னிக்கு ராத்திரியே பேஸ்புக்லயும் போட்டுட்டேன். மூணு நாள் கழிச்சு ட்ரான்ஸ்லேட்டர் தம்பி மெசேஜ், "அண்ணா தயவுசெஞ்சு எடுத்துடுங்க, அவங்க மாமியார் இன்னும் உள்ள இருக்காங்க." உள்ளன்னா ஐஎஸ் பிடில. படுத்த படுக்கையா இருந்த கிழவி, அந்த ராத்திரி வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க. இதை அந்த அம்மா என் கையைப் பிடிச்சுட்டு சொன்னதுதான், எனக்குத் தெரியாத விஷயமே இல்ல. போட்டோ போடும்போது அது என் நினைவுல வரல, என் சாட்சிதான் நினைவுல இருந்துச்சு. உடனே எடுத்துட்டேன், ஆனா அதுக்குள்ள எத்தனை பேர் ஷேர் பண்ணிட்டாங்க. அந்தப் பாட்டிக்கு என்ன ஆச்சுன்னு கேக்குற தைரியம் இன்னும் எனக்கு வரல.

அதனால கெஞ்சிக் கேக்குறேன், முகம் தெரியிற போட்டோ வேண்டாம், பேர் வேண்டாம், கேம்ப் எங்கன்னு வேண்டாம். முஸ்லிம் குடும்பத்துல இருந்து விசுவாசத்துக்கு வந்தவங்க யாராவது உன்கிட்ட பேசினா, அதை உன் டைரில கூட எழுதாதே. அங்க சட்டப்படி அவங்க ஐடி கார்டுல மதத்தை மாத்த முடியாது, சொந்த வீட்டுக்காரங்களுக்கே தெரியாம இருக்குறவங்க. சபைல காட்ட ஒண்ணும் இல்லாம வெறுங்கையோட வந்தாலும் பரவாயில்ல, பாஸ்டர் ஐயா கிட்ட நான் பேசிக்கிறேன்.

2016 அக்டோபர்ல காராகோஷ் மீண்டுச்சு. அங்க இருக்குற அல்-தாஹிரா பெரிய சர்ச்சை ஐஎஸ் ஆளுங்க உள்ள எரிச்சு, முற்றத்துல துப்பாக்கி சுட்டுப் பழகியிருந்தாங்க. அதே சர்ச்சை சரி பண்ணி, 2021 மார்ச் 7 போப் பிரான்சிஸ் அங்க வந்து ஜெபிச்சார். ஜனங்க பாதிப் பேர் திரும்பி வந்திருக்காங்க, மத்தவங்க ஆஸ்திரேலியா, ஐரோப்பான்னு போயிட்டாங்க. உங்க டீமும் அந்த ஊருக்குப் போகும்னு நினைக்கிறேன்.

போனா ஒருத்தங்களை விசாரி. கடைசி நாள் ஒரு வயசான அம்மா எங்களை எந்த ஊர்னு கேட்டாங்க. சென்னைன்னா தெரியல. மார் தோமா, அதாவது அப்போஸ்தலர் தோமா, கல்லறை இருக்குற ஊர்னு ட்ரான்ஸ்லேட்டர் சொன்னதும் எந்திரிச்சு என் நெத்தில முத்தம் கொடுத்தாங்க. இந்தியாவுக்குப் போறதுக்கு முன்னாடி எங்களுக்கும் சுவிசேஷம் சொன்னவர் தோமாதான், அங்க எங்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏத்துன்னு சொன்னாங்க. நான் மெழுகுவர்த்தி ஏத்துறவன் இல்லன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும். சரிம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வருஷா வருஷம் ஆகஸ்ட் 6 சாயங்காலம் சாந்தோம் போறேன். கல்லறை கிட்ட ஒண்ணு ஏத்தி வெச்சுட்டு, அது கரையிற வரைக்கும் உக்காந்துட்டு வரேன். வீட்ல கூட சொன்னதில்ல. பேர் எனக்குத் தெரியாது, ட்ரான்ஸ்லேட்டர் தம்பிக்குத் தெரியும், அவன் நம்பர் தனியா அனுப்புறேன். அவங்க இருந்தா, ஏத்துறேன்னு சொல்லு.

ஜெபத்துடன்,
அண்ணன்