ஆண்டறிக்கை 2024–25 (காரைக்குடி, ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் செயலாளர் வாசித்தளித்தது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, மூத்த உறுப்பினர்களே, ஆய்வு மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

பணிநிறைவு பெறுபவர்களுக்குச் சால்வை போடுவதோடு நம் ஆய்வகப் பணியாளர் சங்கத்தின் வேலை முடிந்துவிடக் கூடாது, ஊரில் அறை எடுத்துத் தங்கி ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று சென்ற பேரவையில் தீர்மானம் போட்டோம். அது என்னவாயிற்று என்பதே இந்த அறிக்கையின் பெரும்பகுதி. விளையாட்டு விழா, பொங்கல் விழா இரண்டும் வழக்கம்போல் நடந்தன.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் அன்று சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) திறக்கப்பட்ட கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இடமும் கட்டடமும் கிடைத்துவிடும். அதற்குள் வேலை தெரிந்த கைகளை உருவாக்குவதுதான் பாடு. அந்தக் கைகள் எல்லாம் முனைவர் பட்டம் பெற்ற கைகள் அல்ல என்பதைப் பணியில் இருந்தவர்கள் அறிவார்கள். விருது, ஊக்கத்தொகை, பயிற்சி என்று பேச்செடுத்தால் எல்லோரும் விஞ்ஞானிகளைப் பற்றியே பேசுகிறோம். கருவியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் ஓய்வுபெறும் நாளில் அவர் கற்றதும் அவரோடு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது.

இதை மனத்தில் வைத்துத்தான் சங்கக் கட்டட மாடியில் சனிக்கிழமை மாலை வகுப்பைத் தொடங்கினோம். சொற்பொழிவு கிடையாது. மாணவர்கள் சிக்கலைக் கொண்டுவருவார்கள், மூத்த உறுப்பினர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

ஒரு மாணவிக்கு அளவீட்டில் கோடு தாறுமாறாக ஓடியது. புதிதாக ஏதோ வினை நடக்கிறது என்று அவர் ஆய்வுக்கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். வரைபடங்களை லேப்டாப்பிலும், மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடைப் பொட்டாசியம் குளோரைடு கரைசல் நிறைந்த குப்பியிலுமாகக் கொண்டுவந்தார். நம் மூத்த டெக்னீஷியன் வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலக்ட்ரோடை ட்யூப்லைட் வெளிச்சத்தில் நேராகப் பிடித்து, “இங்க பாரும்மா, நுனியில குமிழி உட்கார்ந்திருக்கு” என்றார். நகத்தால் இரண்டு தட்டு தட்டினார், குமிழி மேலே ஏறியது. நுனியில் காற்றுக்குமிழி அடைத்துக்கொண்டால் கரைசலின் தொடர்பு அறுந்து, கருவி காட்டும் மின்னழுத்தம் எதுவும் நம்பத்தக்கதாக இராது. அடுத்த வாரம் கோடு ஒழுங்காக வந்தது என்று மாணவி சொன்னார். புதிய வினை கைவிட்டுப் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கண்ணாடி ஊதும் பணியிலிருந்த நம் அண்ணன் ஒருவர் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடோடு சேர்த்துப் பயன்படுத்தும் மெல்லிய கண்ணாடிக் குழாயான லக்கின் கேபிலரியை எப்படி இழுத்து நுனி எடுப்பது என்று செய்து காட்டினார். இன்று பல ஆய்வகங்களில் அந்த வேலைக்கு ஆளில்லை. விலைக்கு வாங்குகிறார்கள், உடைந்தால் அடுத்தது வரும்வரை காத்திருக்கிறார்கள். பேட்டரி ஆய்வுக்கு வந்த புதிய பிள்ளைகளுக்கு, ஆர்கான் வாயு நிரப்பிய குளோவ் பாக்ஸில் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) கைவிடுமுன் மோதிரம், கடிகாரம் கழற்றுவதும் நகம் வெட்டுவதும் ஏன் என்று இன்னொரு உறுப்பினர் விளக்கினார். கையுறையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் உள்ளே ஈரம் ஏறி, லித்தியம் கெட்டுப்போகும். எந்தப் பாடத்திட்டத்திலும் இதற்கு மதிப்பெண் இல்லை.

அடுத்து, கைமாற்று நிதி. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) 42,000 ரூபாய் என உயர்ந்தது நல்ல செய்திதான். ஆனால் தொகை உயர்ந்ததே தவிர, தேதி நிலைக்கவில்லை. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) உதவித்தொகைக்கு மாதாமாதம் நிறுவனத்தில் ‘மேக்கர்’ பதிவு செய்து, ‘செக்கர்’ ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் நகரும். இருவரில் ஒருவர் விடுப்பில் போனால் மாணவர் மெஸ் பாக்கி வைக்கிறார். ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) இப்படிச் சில மாதம் இழுத்தடித்தபோது, நம் நிதியிலிருந்து வட்டியில்லாமல் கொடுத்தோம். வாங்கியவர்கள் எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. துறைமுக அலுவலகத்தில் அவர் வாங்கிவந்தது 30. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அவருக்கும் ஒரு செக்கர் இருந்திருப்பார் என்று நம் பொருளாளர் சொல்லிச் சிரித்தார்.

2024 ஜூனில் நடக்கவிருந்த சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமம்) நெட் தகுதித் தேர்வு சில நாள்களுக்கு முன் தள்ளிவைக்கப்பட்டு ஜூலை கடைசியில்தான் நடந்தது. ரயில் டிக்கெட்டை ரத்து செய்து மறுபடி எடுத்த பிள்ளைகளுக்கு அந்தச் செலவைச் சங்கம் ஏற்றது.

சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் அக்சிர் என்ற பட்டம் வழங்கும் கல்வி நிறுவனம் வழியாக முனைவர் பட்டத்துக்குச் சேர்பவர்கள், கிராம மக்களுக்குப் பயன்படும் சிஎஸ்ஐஆர்-800 திட்டப்பணி ஒன்றைச் செய்தாக வேண்டும். வடமாநிலத்திலிருந்து வந்த பிள்ளைக்குச் சாக்கோட்டை எங்கே, ஆத்தங்குடி எங்கே என்று தெரியாது. நம் உறுப்பினர்கள் மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போனார்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் சாயம் ஊற்றுபவர் ஒருவர், “நிறம் மங்குதுன்னு கேட்கத்தானே வந்தீங்க, முதல்ல என் தண்ணியைப் பாருங்க” என்று குடத்தை நீட்டினார். அந்த மாணவரின் திட்டப்பணி அன்றோடு நீரின் உப்புத்தன்மை பற்றியதாக மாறிவிட்டது.

வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் நம் உறுப்பினர் ஒருவரின் மருமகள், பிள்ளைப்பேற்றுக்காகப் பதிவையே ரத்து செய்யப் பார்த்தார். யூஜிசியின் 2022 ஒழுங்குவிதிகளில் பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டும் உண்டு. அங்கே யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. விதியை நகலெடுத்துக் கொடுத்தோம், விடுப்பு கிடைத்தது. ஒரு பக்க நகல் ஒரு பெண்ணின் ஆய்வைக் காப்பாற்றியது என்றால், இதுவரை எத்தனை பேர் அது கிடைக்காமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நடக்காதவையும் உண்டு. வழிகாட்டியோடு மனத்தாங்கல் வரும்போது மாணவர் யாரிடம் போவது என்பதற்கு நம்மிடம் விடையில்லை. கூட்டத்தில் இதை எடுத்தால் விஞ்ஞானி உறுப்பினர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். வரும் ஆண்டில் இதற்கென மூவர் குழு அமைக்கவும், அதில் ஒருவர் ஓய்வுபெற்ற பெண் ஆய்வாளராக இருக்கவும் நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. தீர்மானம் இன்று உங்கள் முன் வரும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாடி வகுப்புக்குப் பழைய மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் வைத்திருப்பவர்கள் கொடுத்துதவ வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. மதிய உணவுக்கு முன் கட்டிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்